நார்வே அரங்கில் எல்சாவுக்கு என்ன வேலை? கலாச்சாரப் பூங்காவுக்குள் சினிமா நுழையும் கணக்கு

டிஸ்னி பூங்கா ஒன்றில் பழைய ரைடை மூடிவிட்டு, வெற்றிபெற்ற ஒரு படத்தை வைத்துப் புது ரைடு கட்டப்போகிறோம் என்று அறிவிப்பு வரும். அன்றைக்கே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து மல்லுக்கட்டத் தொடங்குவார்கள். தூர நின்று பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது. டிஸ்னியே சினிமா கம்பெனிதானே, அவர்கள் பூங்காவில் அவர்கள் படம் வந்தால் என்ன தப்பு?

எல்லாப் பூங்காவிலும் இந்தச் சண்டை நடப்பதில்லை. ஒரு நாட்டையோ ஊரையோ அதன் பண்பாட்டையோ காட்டுவதாகச் சொல்லித் திறந்த பூங்காவில்தான் நடக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் எப்காட் இதற்குச் சரியான உதாரணம். அங்கே நார்வே நாட்டு அரங்கில் இருந்த படகு ரைடு 2014-இல் மூடப்பட்டு, 2016-இல் டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படத்தை வைத்த ரைடாகத் திறந்தது; எல்சா அந்தப் படத்தின் நாயகி. அதற்கு முன்னும் பின்னும் நடந்த மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சண்டையின் அடியில் ஓடும் பணக்கணக்கு தெரியும்.

## எப்காட்: அடிப்படை

எப்காட் 1982 அக்டோபர் 1 அன்று திறந்தது. அதற்கு இரண்டு பாதிகள். முன்பாதியில் ஆற்றல், கடல், நிலம், போக்குவரத்து என அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த அரங்குகள். பின்பாதிக்கு 'வேர்ல்டு ஷோகேஸ்' என்று பெயர். ஒரு ஏரியைச் சுற்றிக் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நடைபாதை, அதன் ஓரமாக நாட்டுக்கு ஓர் அரங்கு.

திறந்த அன்று ஒன்பது நாடுகள்: மெக்சிகோ, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், பிரிட்டன், கனடா. 1984-இல் மொராக்கோவும் 1988-இல் நார்வேயும் சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒரு நாடுகூடச் சேரவில்லை. (இந்தியா இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இல்லை.)

அரங்கு என்பது ஒற்றைக் கட்டடம் கிடையாது, ஒரு குட்டித் தெரு. அந்த நாட்டுப் பாணியில் நாலைந்து கட்டடங்கள், ஓர் உணவகம், கடைகள், சில இடங்களில் ஒரு படம் அல்லது ரைடு. வேலை பார்ப்பவர்களில் பலரை அந்தந்த நாட்டிலிருந்தே வரவழைக்கிறார்கள். சட்டைப் பெயர்ப் பட்டையில் பெயருக்குக் கீழே ஊர் பெயரும் இருக்கும். இப்படி ஆள் கூட்டிவருவதற்காக அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 1990-இல் 'க்யூ' என்று தனி விசா வகையே உண்டானது. அதிகபட்சம் 15 மாதம் தங்கலாம். 'டிஸ்னி விசா' என்பது அதன் பட்டப்பெயர்.

தொடக்கத்தில் மிக்கி மவுஸுக்குக்கூட இங்கே இடம் கொடுக்கவில்லை. கார்ட்டூன் பாத்திரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் மாஜிக் கிங்டத்துக்குப் போங்கள், இது வேறு என்றுதான் சொன்னார்கள். அந்தப் பிடிவாதம் சில வருஷங்களிலேயே தளர்ந்துவிட்டது. ஆனால் பழைய ரசிகர்கள் அந்த முதல் வாக்குறுதியை இன்னும் விடவில்லை. சண்டை வரும்போதெல்லாம் அவர்கள் காட்டுவது அதைத்தான்.

இந்தச் செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'ஐபி'. அறிவுசார் சொத்து என்று பொருள். பூங்காத் தொழிலில் இதற்கு அர்த்தம் கொஞ்சம் குறுகலானது. ஏற்கெனவே மக்களுக்குத் தெரிந்த படம், கதை, பாத்திரம், அதைப் பயன்படுத்தும் உரிமை. 'ஐபி ரைடு' என்றால் படத்தை வைத்துக் கட்டிய ரைடு. படம் எதையும் சாராமல் பூங்காவுக்கென்றே யோசித்துக் கட்டியது 'ஒரிஜினல் ரைடு'.

## நாட்டைக் காட்டும் செலவு யாருடையது?

இதைப் புரிந்துகொள்ள 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் போக வேண்டும். அங்கே டிஸ்னி நான்கு காட்சிகளைக் கட்டிக்கொடுத்தது. ஒன்று ஃபோர்டு கம்பெனிக்கு, ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு, ஒன்று இல்லினாய் மாநிலத்துக்கு. நான்காவது யூனிசெஃப் அமைப்புக்காக பெப்சி செலவு செய்தது. கட்டும் திறமை டிஸ்னியுடையது, பணம் வேறொருவருடையது.

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் ஒவ்வொரு அரசுத் துறையும் தன் செலவில் தன் அரங்கைப் போடுமே, அதே முறைதான். எப்காட் அந்த முறையை ஒரு நிரந்தரப் பூங்காவாக ஆக்கியது. ஆற்றல் அரங்குக்கு எக்சான், போக்குவரத்து அரங்குக்கு ஜெனரல் மோட்டார்ஸ், கடல் அரங்குக்கு யுனைடெட் டெக்னாலஜீஸ் என்று ஸ்பான்சர்கள் இருந்தார்கள். நாட்டு அரங்குகளிலும் அந்தந்த நாட்டுக் கம்பெனிகள் பங்கெடுத்தன. ஜப்பான் அரங்கின் பெரிய கடை மிட்சுகோஷி நடத்துவது. மொராக்கோ அரங்கைக் கட்ட மன்னர் இரண்டாம் ஹசன் தன் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பிவைத்தார்.

பொருட்காட்சி என்றால் ஒன்றிரண்டு மாதத்தில் பந்தலைப் பிரித்துவிடலாம். நிரந்தரப் பூங்காவில் அது முடியாது. 10 வருஷம், 15 வருஷம் கழித்து ஒப்பந்தம் முடிகிறது. கம்பெனியில் தலைமை மாறியிருக்கும். ஃபுளோரிடாவில் ஒரு கட்டடத்துக்கு நாம் ஏன் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்று கேள்வி வரும். ஜெனரல் எலெக்ட்ரிக் 1993-இல் விலகியது. யுனைடெட் டெக்னாலஜீஸ் 1998-இல். எக்சான் 2004-இல். ஸ்பான்சர் போனதும் அந்த அரங்கின் பராமரிப்பும் புதுப்பிப்பும் முழுக்க டிஸ்னியின் தலையில் விழுகின்றன.

தன் காசைப் போடுகிறவர், தனக்குத் திரும்ப வருமானம் தருவதைத்தானே கட்டுவார்? கடல் அரங்குக்குள் 'ஃபைண்டிங் நீமோ' வந்தது. ஆற்றல் அரங்கு 2017 ஆகஸ்டில் மூடி, 2022-இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' ரோலர்கோஸ்டராகத் திறந்தது. பெட்ரோலும் டைனோசரும் பற்றிப் பாடம் நடத்திய கட்டடத்தில் இப்போது அந்தப் படத்தில் வரும் சேண்டார் என்ற கற்பனைக் கிரகத்தின் அரங்கு நடக்கிறது. கிரகத்துக்கும் ஓர் அரங்கு என்ற அந்தக் குறும்பை நான் ரசிக்கவே செய்கிறேன். ஆனால் அது எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

## நார்வே: ஒரு படகின் கதை

நார்வேக் கம்பெனிகள் சில சேர்ந்து முதலீடு செய்ததால் எழுந்த அரங்கு இது. 13-ஆம் நூற்றாண்டுப் பாணி மரத் தேவாலயத்தின் நகல், ஓஸ்லோவின் ஆகர்ஷுஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டிய உணவகம், ஒரு ரொட்டிக்கடை, 'மேல்ஸ்ட்ராம்' என்ற படகு ரைடு.

மேல்ஸ்ட்ராமை யாரும் காவியம் என்று சொல்லமாட்டார்கள். படகு ஏறும் இடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஓவியம். அந்நாட்டின் பழங்காலக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கப்பல் முதல் இக்கால மனிதர்கள் வரை அதில் உண்டு. உற்றுப் பார்த்தால் ஒரு வைக்கிங் வீரன் தலையில் மிக்கியின் காது தெரியும், வரைந்தவர்களின் விளையாட்டு. படகு இருட்டில் மேலே ஏறும். வைக்கிங் கிராமத்தைக் கடந்து, சதுப்புக் காட்டில் மூன்று தலைப் பூதம் ஒன்று சாபம் போடும். உடனே படகு பின்பக்கமாக ஓடத் தொடங்கும். அப்புறம் திரும்பி, ஓர் அருவி போலச் சறுக்கி, புயலடிக்கும் வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்றின் பக்கத்தில் விழும். எண்ணெய் மேடையா? ஆமாம். வைக்கிங்கும் பூதமும் மட்டுமல்ல, எண்ணெய் எடுக்கும் இன்றைய நாடும் நார்வேதான் என்று அந்த ரைடு காட்டியது.

இறங்கியதும் ஓர் அரங்கத்தில் நார்வேயைப் பற்றி ஐந்து நிமிடப் படம். உட்கார்ந்து பார்க்காமல் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராக வெளிக்கதவுக்கு நடந்துபோனவர்கள் ஏராளம். இதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ரைடை நினைத்து உருகுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிவிடுகிறார்கள்.

பணம் என்ன ஆனது? 1992-இல் நார்வே முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை டிஸ்னிக்கே விற்றுவிட்டார்கள். பிறகு பத்து ஆண்டுகளுக்கு நார்வே அரசு ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கொடுத்துவந்தது. 2002-இல் அதையும் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு நார்வே அரங்கில் நார்வேயின் காசு இல்லை.

2013 நவம்பரில் 'ஃப்ரோசன்' வெளியாகி, உலகம் முழுக்க 120 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அரண்டெல் என்ற அதன் கற்பனை ராஜ்யம் நார்வேயின் ஃபியோர்டுகளையும் (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல்) மரத் தேவாலயங்களையும் பூவேலை ஓவியங்களையும் பார்த்து வரைந்தது. முதலில் தேவாலயக் கட்டடத்துக்குள், நார்வேப் பண்பாடு படத்துக்கு எப்படித் தூண்டுதலாக இருந்தது என்று ஒரு சின்னக் கண்காட்சி வைத்தார்கள். படத்தின் நாயகிகளான எல்சாவும் ஆனாவும் அந்த அரங்கில் குழந்தைகளைச் சந்தித்தார்கள். வரிசை நீண்டது. 2014 செப்டம்பர் 12 அன்று அறிவிப்பு வந்தது, அக்டோபர் 5 அன்று மேல்ஸ்ட்ராம் மூடியது. ஒரு மாதம்கூட அவகாசம் இல்லை.

2016 ஜூன் 21 அன்று 'ஃப்ரோசன் எவர் ஆஃப்டர்' திறந்தபோது, தண்ணீர்ப் பாதை அதேதான். படகு ஏறுவதும் பின்னோக்கி ஓடுவதும் சறுக்கி விழுவதும் அதே இடங்களில். பூதம் சாபம் போட்டதால் பின்னால் போன படகு, இப்போது எல்சா பாடிக்கொண்டே கையை நீட்டியதும் பின்னால் போகிறது. எண்ணெய் மேடை இல்லை. படம் காட்டிய அரங்கம் இல்லை. சுவரோவியமும் இல்லை. ரொட்டிக்கடையில் ஏலக்காய் போட்ட 'ஸ்கோலபுரோ' பன் மட்டும் இன்றும் கிடைக்கிறது.

பழைய பாதையையே வைத்துக்கொண்டதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஒரு மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும் என்பது கால்வாயும் படகும் முடிவு செய்வது. எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கட்டிய ரைடுக்கு, ஊரையே திரட்டும் படத்தின் கூட்டம் வந்தால் என்ன ஆகும்? திறந்த முதல் நாள் காத்திருப்பு பல மணி நேரம். இன்றும் எப்காட்டில் நீளமான வரிசைகளில் இது ஒன்று. படத்துக்குத் தகுந்த ரைடைப் புதிதாகக் கட்டாமல், கையில் இருந்ததற்குப் புதுச் சட்டை மாட்டியதன் விலை இது.

## படம் நுழையும் மூன்று வழிகள்

நார்வேயில் நடந்ததுதான் எல்லா இடத்திலும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். மூன்று வகையாகப் பிரிக்கலாம். செய்தியைப் படிக்கும்போது, வந்திருப்பது எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

1. எடுத்துவிட்டு வைப்பது. நார்வே இந்த வகை. நாட்டைப் பற்றிய உள்ளடக்கம் போய், அந்த இடத்தில் படம் வருகிறது.

2. மேலே போர்த்துவது. மெக்சிகோ அரங்கு ஒரு பிரமிடு. உள்ளே போனால் எந்நேரமும் அந்திப்பொழுதில் இருக்கும் ஒரு சந்தைத் தெரு, ஓரத்தில் படகு. 1982-இல் மெக்சிகோவின் பழங்கால நாகரிகத்திலிருந்து இன்றைய திருவிழா வரை அந்தப் படகு கூட்டிப்போனது. 2007-இல் காட்சியமைப்புகளில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, திரைகளில் மட்டும் டொனால்டு டக்கை ஓடவிட்டார்கள். 1940-களின் 'த்ரீ கபயெரோஸ்' படத்தில் வரும் மூவர் கூட்டணி அது: டொனால்டு, பிரேசில் கிளி ஒன்று, மெக்சிகோ சேவல் ஒன்று. இரண்டாம் உலகப்போர் காலத்தில் லத்தீன் அமெரிக்க நாடுகளோடு நட்பு வளர்க்க அமெரிக்க அரசு எடுத்த முயற்சியில் பிறந்த படம் என்பதால், மெக்சிகோவோடு அதற்குக் கொஞ்சமாவது உறவு இருக்கிறது. செலவு குறைவு, இழப்பும் குறைவு. ஆனால் புதிய ரைடில் மெக்சிகோ என்பது டொனால்டைத் தேடி ஓடும்போது பின்னால் தெரியும் காட்சி, அவ்வளவே.

3. பக்கத்தில் சேர்ப்பது. பிரான்ஸ் அரங்கின் பின்புறம் காலியாக இருந்த நிலத்தில் ஒரு புதுத் தெருவையே கட்டி, 2021 அக்டோபர் 1 அன்று 'ரட்டட்டூய்' ரைடைத் திறந்தார்கள். பாரிஸ் உணவகச் சமையலறைக்குள் எலி அளவுக்குச் சுருங்கி ஓடுவது கதை. பாரிஸ் டிஸ்னி பூங்காவில் 2014-இல் வந்ததன் நகல். தண்டவாளம் இல்லாத வண்டி, தரையில் தானே வழி பார்த்து ஓடும். இதற்காக எதையும் இடிக்கவில்லை. 1982 முதல் ஓடும் பிரான்ஸ் ஆவணப்படமும் அதே அரங்கில் தொடர்ந்தது, 2020 முதல் வேறொரு படத்தோடு நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு.

முதல் வகைக்கு வந்த எதிர்ப்பு மூன்றாவதுக்கு வரவில்லை என்பதைப் பார்த்தாலே, ரசிகர்களின் கோபம் சினிமா மேல் அல்ல, எதை எடுத்தார்கள் என்பதன் மேல் என்று தெரிந்துவிடும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, ஆனால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மெக்சிகோ அரங்கில் மரியாச்சி கோப்ரே என்ற இசைக்குழு 1982 முதல் வாசிக்கிறது. மெக்சிகோவில் நடக்கும் 'கோகோ' படம் வந்த பிறகு, அந்தக் குழுவே அந்தக் கதையைப் பாட்டும் நடனமும் பொம்மையுமாகச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. புதுக் கட்டடம் இல்லை. மேடையில் நிற்பவர்கள் மெக்சிகோ மரபில் வந்த கலைஞர்கள், விருந்தாளியாக வந்தது படம். என்னைக் கேட்டால் எப்காட்டில் படமும் நாடும் சரியாகப் பொருந்தியது இங்கேதான்.

## ஏன் திரும்பத் திரும்பப் படம்?

'பேராசை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் காரணங்கள் அதைவிடத் தெளிவானவை.

1. ஹாரி பாட்டர் கொடுத்த அதிர்ச்சி. எப்காட் இருக்கும் ஆர்லாண்டோ வட்டாரத்திலேயே இருக்கும் போட்டிப் பூங்கா யுனிவர்சல். 2010 ஜூனில் அது ஹாரி பாட்டர் பகுதியைத் திறந்தது. தொழில்துறை மதிப்பீட்டின்படி, அந்தப் பூங்காவுக்கு 2009-இல் வந்தவர்கள் சுமார் 46 லட்சம், 2011-இல் சுமார் 77 லட்சம். பூங்காத் தொழிலில் இரண்டு வருஷத்தில் இப்படி ஓர் ஏற்றம் கேள்விப்படாதது. ஒரே ஒரு கதை ஒரு பூங்காவையே தூக்கி நிறுத்தும் என்பதை எல்லா நிர்வாகங்களும் அன்று குறித்துவைத்துக்கொண்டன.

2. வாங்கிய சொத்தைப் பயன்படுத்த வேண்டும். டிஸ்னி 2006-இல் பிக்சாரையும், 2009-இல் மார்வெலையும், 2012-இல் லூகாஸ்ஃபிலிமையும் என மூன்று பட நிறுவனங்களை வாங்கியது. மூன்றுக்குமாகச் சுமார் 1,500 கோடி டாலர். எப்காட்டுக்குள் வந்த படங்களைப் பாருங்கள்: நீமோ, ரட்டட்டூய் இரண்டும் பிக்சார், கார்டியன்ஸ் மார்வெல்.

3. விளக்க வேண்டியதில்லை. மேல்ஸ்ட்ராம் என்றால் என்ன என்று விளம்பரத்தில் சொல்லிப் புரியவைக்க வேண்டும். எல்சா என்றால் நான்கு வயதுக் குழந்தையே அம்மாவை இழுத்துக்கொண்டு போகும். எப்காட் பெரியவர்களுக்கான பூங்கா, குழந்தைகளுக்குச் சலிப்பு தட்டும் என்ற பேச்சு முதல் நாளிலிருந்தே உண்டு.

4. கடை. ரைடு முடியும் கதவு கடைக்குள் திறக்கும். கம்பளி ஸ்வெட்டர் ஆண்டுக்கு எத்தனை விற்கும், எல்சா கவுன் எத்தனை விற்கும்?

## எதிர்ப்பில் எவ்வளவு நியாயம்?

ரசிகர்கள் சொல்வது இது: நார்வே ஒரு நிஜ நாடு, அரண்டெல் இல்லாத நாடு. படத்தின் தூரத்து மூலக்கதையான பனி ராணியை எழுதியவரோ டென்மார்க்காரர் ஆண்டர்சன். நார்வேயைப் பார்க்க வந்தவனுக்கு எதைக் காட்டுகிறீர்கள்?

வாதம் வலுவானது. ஆனாலும் இரண்டு விஷயங்கள் அதைக் கொஞ்சம் தளர்த்துகின்றன.

ஒன்று, அந்த அரங்குகள் எந்தக் காலத்திலும் நாட்டின் முழு உண்மையைக் காட்டியவை அல்ல. ஜெர்மனி அரங்கு என்றால் பீரும் பாட்டும், 20-ஆம் நூற்றாண்டு மூச்சே கிடையாது. அலாவுதீனையும் ஜாஸ்மினையும் மொராக்கோவில் நிறுத்திப் பல காலம் ஆகிறது. அவர்கள் கதை நடக்கும் அக்ரபா என்ற ஊரும் எந்த வரைபடத்திலும் இல்லை. நார்வேயின் கோட்டை உணவகத்தில் நார்வேக்குச் சம்பந்தமே இல்லாத டிஸ்னி இளவரசிகள் ஃப்ரோசனுக்கு முன்பே விருந்தினரோடு சாப்பாட்டு மேசைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஸ்பான்சர் காசில் கட்டிய அரங்கு சுற்றுலா விளம்பரமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, நிஜ நார்வேக்கு இதில் நஷ்டமா என்பது. படம் வந்ததும் நார்வே சுற்றுலாத் துறை அதோடு கைகோத்து விளம்பரம் செய்தது. டிஸ்னியின் சுற்றுலாப் பிரிவு நார்வேப் பயணங்களை விற்கத் தொடங்கியது. 25 ஆண்டுக்கு மேல் ஓடிய மேல்ஸ்ட்ராம் கிளப்பாத ஆர்வத்தை 100 நிமிடப் படம் ஒன்று கிளப்பியது. பணம் கட்டுவதை நிறுத்திய நார்வே அரசைக் குறை சொல்வதும் கடினம். தன் மக்களின் வரிப்பணத்தை வேறு நாட்டுப் பூங்காவில் போடுவதற்கு அதனிடம் நல்ல காரணம் இல்லை.

அப்படியானால் எதிர்ப்புக்கு மிஞ்சும் நியாயம் எது? எண்ணெய் மேடைதான். பழைய ரைடில் நார்வே இன்றைக்கும் உயிரோடு இருக்கும், வேலை செய்யும் நாடு. புதிய ரைடில் அது ஒரு தேவதைக் கதையின் அலங்காரம். பூதமும் வைக்கிங்கும் போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவையும் கதைதான். இன்றைய நாட்டைக் காட்டிய ஒரே காட்சி போனது நிஜமான இழப்பு. பிரான்சில் அந்த இழப்பு இல்லை.

## அனுமதி யாரிடம் கேட்பது?

படம் ஒரு பண்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் பண்பாட்டுக்காரர்களிடம் கேட்டார்களா என்ற கேள்வி பூங்காவுக்கு முன்பே, படம் எடுக்கும்போதே வந்துவிடுகிறது. ஃப்ரோசனின் தொடக்க இசை, வடக்கு ஸ்காண்டிநேவியாவின் பழங்குடிகளான சாமி மக்களின் 'யோய்க்' பாடல் மரபைச் சார்ந்தது. எழுதியவர் ஃபுரோட ஃபியெல்ஹைம், அவரே தென் சாமி மரபில் வந்த இசைக்கலைஞர். ஆனால் படத்தின் உடைகளும் மான் வளர்ப்பும் சாமி மக்களிடமிருந்து எடுத்தவை, அதைப் படம் எங்கும் சொல்லவில்லை என்று விமர்சனம் எழுந்தது. இரண்டாம் பாகம் எடுக்கும்போது, நார்வே, சுவீடன், பின்லாந்து சாமி நாடாளுமன்றங்களோடும் சாமி கவுன்சிலோடும் ஸ்டூடியோ எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போட்டது. ஆலோசனைக் குழு அமைந்தது. படம் வட சாமி மொழியில் டப் ஆகி வெளிவந்தது.

மெக்சிகோ விஷயத்தில் டிஸ்னி முதலில் சறுக்கியது. 2013-இல் மெக்சிகோ மக்களின் இறந்தோர் நாள் பண்டிகையின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்ய விண்ணப்பித்து, எதிர்ப்பு வெடித்ததும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அப்போது கடுமையாகக் கேலி செய்து வரைந்த கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸையே பிறகு 'கோகோ' படத்துக்கு ஆலோசகராக அழைத்தார்கள்.

## மற்ற பூங்காக்கள்

கலிபோர்னியாவைப் பற்றி கலிபோர்னியாவிலேயே ஒரு பூங்கா கட்டியது டிஸ்னி. 2001-இல் திறந்தது. அந்த மாநிலத்திலேயே இருப்பவர்களிடம் அந்த மாநிலத்தின் நகலைக் காட்டிக் காசு கேட்டால் யார் வருவார்கள்? கூட்டம் சேரவில்லை. 2007-இல் 110 கோடி டாலர் திட்டம் அறிவித்து மாற்றி அமைத்தார்கள். கலிபோர்னியாவின் வரலாற்றைச் சொன்ன படம் ஓடிய இடத்தில் 'லிட்டில் மெர்மெய்ட்' ரைடு வந்தது. 2012-இல் 'கார்ஸ்' படப் பகுதி திறந்ததும் வருகை சுமார் 63 லட்சத்திலிருந்து சுமார் 78 லட்சத்துக்கு ஏறியது. படத்தை எதிர்ப்பவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் பிரான்சில் இருக்கிறது. மேற்குப் பகுதியான வாந்தேயில் உள்ள புய் து ஃபூவில் ரோலர்கோஸ்டர் கிடையாது, சினிமாப் பாத்திரமும் கிடையாது. வைக்கிங் படையெடுப்பு, ரோமானியத் தேர்ப்பந்தயம், வாள்வீச்சு என்று பிரம்மாண்டமான மேடைக் காட்சிகள்தான். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் வருகிறார்கள். ஆக, சினிமா இல்லாமல் பிழைக்கலாம். ஆனால் அங்கே சொல்லப்படும் வரலாறு மன்னராட்சிக்கும் கத்தோலிக்கத்துக்கும் சாய்வானது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து குறை சொல்கிறார்கள். நெதர்லாந்தின் எஃப்டெலிங் 1952 முதல் பழைய தேவதைக் கதைகளையும் தானே உருவாக்கிய பாத்திரங்களையும் வைத்து நடக்கிறது. அதாவது தன் ஐபியைத் தானே செய்துகொள்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனியிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது கஷ்டம்.

## அடுத்து எங்கே?

எப்காட்டில் சீனா, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், மொராக்கோ, பிரிட்டன், கனடா அரங்குகளில் இன்றுவரை பெரிய ரைடு இல்லை. பிரிட்டனுக்கு 'மேரி பாப்பின்ஸ்' வரும் என்று 2019-இல் அறிவித்தார்கள். கொரோனா வந்து அது கிடப்பில் போனது. ஆனால் இப்போது கவனிக்க வேண்டிய இடம் எப்காட் இல்லை, பக்கத்தில் இருக்கும் இன்னொரு டிஸ்னி பூங்காவான அனிமல் கிங்டம். அங்கே டைனோசர் பகுதியை எடுத்துவிட்டு, வெப்பமண்டல அமெரிக்க நாடுகளை மனதில் வைத்து 'புவேப்லோ எஸ்பரான்சா' என்ற கற்பனை ஊரைக் கட்டுகிறார்கள். 2027-இல் திறப்பதாகத் திட்டம். கொலம்பியாவில் நடக்கும் 'என்காண்டோ' கதையும், மாயன் கோயிலுக்குள் போகும் இண்டியானா ஜோன்ஸும் ஒரே ஊருக்குள் வருகின்றன.

நார்வேயில் நாடு முதலில் வந்தது, படம் பிறகு. இங்கே தொடக்கமே படம், நாடுகள் ஒன்றோடொன்று கலந்த பின்னணி. கொலம்பியா தன் அரங்கு என்று உரிமை கொண்டாட அங்கே கொலம்பியா என்ற பெயர்ப்பலகையே இருக்காது. அது திறந்ததும் வரும் செய்திகளில் ரைடு எவ்வளவு வேகம், எத்தனை பொம்மைகள் அசைகின்றன என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிடும். நான் தேடப்போவது மூன்று தகவல்கள்:

1. கொலம்பியாவிலிருந்து வேலைக்கு ஆட்களை வரவழைத்திருக்கிறார்களா, இல்லை உள்ளூர் ஆட்களுக்கு உடை மாட்டியிருக்கிறார்களா?
2. உணவகப் பட்டியலில் கொலம்பியச் சாப்பாடு இருக்கிறதா, வழக்கமான பர்கருக்குப் படத்தின் பெயர் வைத்திருக்கிறார்களா?
3. மேடையில் இசை வாசிப்பது யார்?